கேட்டில் தொங்கிய டப்பா

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். மதுரைப் பக்கத்திலிருந்து சிங்கப்பூர் வந்து நாலு வருஷம் ஆகிறது. கணவர், நான், மூன்று வயது மகன். செங்காங்கில் அரசு கட்டிய ஒரு வீவக அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். வந்த நாளிலிருந்து என்னை இங்கே யாரும் மனுஷியாகவே மதிக்கவில்லை என்ற எண்ணம் வளர்ந்துகொண்டே போகிறது.

எதிர்வீட்டில் ஒரு தமிழ் அம்மா. எழுபது வயதிருக்கும். இங்கேயே பிறந்தவர். போன தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் டப்பாவில் போட்டுக் கொண்டுபோனேன். கேட்டைப் பாதி மட்டும் திறந்து வாங்கினார், கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் டப்பா என் வீட்டுக் கேட்டில் பிளாஸ்டிக் பையில் தொங்கியது. உள்ளே ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் கொடுத்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்ப மாட்டோம். ஒரு கரண்டி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். அவருக்கு இது தெரியாமலா இருக்கும்? வேண்டுமென்றேதான் செய்தார். அதிலிருந்து லிஃப்டில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது ஐயா.

அலுவலகத்தில் இன்னொரு தமிழ்ப் பெண், இங்கத்தவர். நான் தமிழில் பேசினால் வேண்டுமென்றே ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார். மதியம் எல்லோரும் என்னைக் கூப்பிடாமல் சாப்பிடப் போய்விடுகிறார்கள். இரண்டு மாதம் முன்பு நான் கேட்ட பொறுப்பை என்னைவிட அனுபவம் குறைந்த ஒருவருக்குக் கொடுத்தார்கள். மேலாளர் காரணம் சொல்லவில்லை.

கணவரிடம் சொன்னால் "உனக்குத்தான் எல்லாம் தப்பாத் தெரியுது" என்கிறார். என் கேள்வி இதுதான்: மற்றவர்கள் நம்மை நடத்தும் விதத்தை நாம் உள்ளது உள்ளபடி பார்க்கிறோமா, நம் மனம் காட்டுவதைத்தான் பார்க்கிறோமா? அதை எப்படித் தெரிந்துகொள்வது? என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகி, செங்காங்

(கடிதம் சுருக்கப்பட்டிருக்கிறது.)

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. நீங்கள் கேட்பதை நானும் பத்து ஆண்டுக்கு மேலாக என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் பேனாவை எடுக்க இத்தனை நாள்.

முதலில் உங்கள் கணவருக்கு. "உனக்குத்தான் எல்லாம் தப்பாத் தெரியுது" என்று இனி எக்காரணம் கொண்டும் அவர் சொல்லக்கூடாது. இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள். வெளியே ஒருவர் முகம் கொடுக்கவில்லை என்று மனைவி வந்து சொல்லும்போது, கேட்கக்கூட ஆளில்லாத இடத்துக்கு அவளைத் தள்ளும் வார்த்தை அது. நீங்கள் பார்ப்பது முழுக்கச் சரியா என்பது அப்புறம். உங்களுக்கு வலிக்கிறது என்பதில் சந்தேகம் கிடையாது. அதை முதலில் ஒப்புக்கொள்ளாத யாருக்கும் அடுத்த வார்த்தை பேச உரிமையில்லை.

இப்போது உங்களுக்கு. கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா, கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லப்போகிறேன்.

உங்கள் கடிதத்தை அச்செடுத்து, சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு படித்தேன். மேலே போட்டிருக்கும் சுருக்கத்தில் தெரியாது, நீங்கள் அனுப்பிய நான்கு பக்கத்தில் "வேண்டுமென்றே" என்ற சொல் 11 இடத்தில் வருகிறது. டப்பாவை வேண்டுமென்றே வெறுமையாகத் தந்தார். வேண்டுமென்றே ஆங்கிலத்தில் பேசினார். பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் வேண்டுமென்றே தள்ளி உட்கார்ந்தார். கோயிலில் வேண்டுமென்றே என்னைக் கடைசியில் நிறுத்தினார்கள். 11 இடத்திலும் நீங்கள் கண்ணால் கண்டது ஒன்று, அதற்கு மேல் வைத்துக் கட்டியது ஒன்று. கண்டதைப் பற்றி நான் ஒரு வார்த்தை மறுக்கமாட்டேன். டப்பா வெறுமையாகத்தான் வந்தது. ஆனால் அந்த "வேண்டுமென்றே"யை எந்தக் கண்ணால் கண்டீர்கள்?

அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்துவிட்டு உங்கள் கடிதத்தை நீங்களே வாசித்துப் பாருங்கள். நான் வாசித்தேன். அப்படியும் அது போகவில்லை. நம் மொழியில் அது வேறு உருவத்தில் ஒளிந்துகொள்கிறது. இதைத்தான் நான் விடாமல் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"கதவைச் சாத்தினார்" என்று எழுதலாம். நீங்கள் எழுதியது "கதவைச் சாத்திக்கொண்டார்". முகம் வேறு பக்கம் திரும்பியிருந்தது என்று எழுதலாம். நீங்கள் எழுதியது "முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்". சாப்பிடப் போனார்கள் என்று எழுதலாம். நீங்கள் எழுதியது "போய்விடுகிறார்கள்". பள்ளியில் துணைவினை என்று படித்துவிட்டு மறந்துபோன சின்னச் சொற்கள் இவை. கொள் என்பது ஒருவர் தனக்காக, தன் மனமறிந்து செய்வதைக் காட்டும். விடு என்பது முடிந்தது, இனி திரும்பாது என்று ஆணி அடிக்கும். மனவருத்தத்தோடு பேசும் எந்தத் தமிழரையும் கவனித்துப் பாருங்கள். "அவன் என்னைப் பாத்தும் பாக்காத மாதிரி போயிட்டான்." "அவ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா." ஒரு முகம், ஒரு நடை, அவ்வளவுதான் நடந்தது. மிச்சத்தை அந்தக் "கிட்டா"வும் "ட்டான்"னும் செய்கின்றன. நாம் ஆள்மேல் குற்றம் சாட்டுவது வினைச்சொல்லின் வாலில். அதைச் சாட்டியது நமக்கே தெரிவதில்லை. பேசிப் பேசி, நடந்ததே அப்படித்தான் என்று ஆகிவிடுகிறது.

நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்கிறேனா? இல்லவே இல்லை. அப்படித்தான் உங்களுக்குத் தெரிந்தது. அதுதான் இதில் உள்ள ஆபத்து.

"முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது" என்கிறீர்கள். குறிப்பறிதல் என்று ஒரே தலைப்பில் வள்ளுவர் இரண்டு அதிகாரம் எழுதியிருக்கிறார், 71, 110. முதலாவதில், ஐயமே இல்லாமல் பிறர் அகத்தில் உள்ளதை உணர்பவன் கிடைத்தால் அவனைத் "தெய்வத்தோ டொப்பக் கொளல்" என்கிறார் (702). அந்த ஆற்றல் அவ்வளவு அரிது என்பதால்தான் தெய்வத்தைக் கொண்டுவருகிறார். இரண்டாவதில், பகை இல்லாத கடுஞ்சொல்லும் பகைவரைப் போன்ற பார்வையும், அயலார்போல் காட்டிக்கொண்டு உள்ளே அன்பு கொண்டவரின் குறிப்பு என்கிறார் (1097). பகைவரைப் போன்ற பார்வை, உள்ளே அன்பு! அது காதலர் பேச்சு, எதிர்வீட்டம்மாவுக்குப் பொருந்தாது என்பீர்கள். பொருந்த வேண்டாம். ஒரே பார்வைக்கு நேர்மாறான இரண்டு பொருள் உண்டு என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மின்தூக்கிக் கதவு திறந்து மூடுவதற்குள் நாம் ஒரு முகத்தைத் தீர்ப்பிட்டுவிடுகிறோம்.

அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரியில் கிளெக், ஸ்ட்ரென்டா என்ற இரண்டு உளவியலாளர்கள் 1980-ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். பங்கேற்றவர்களின் முகத்தில் ஒப்பனையால் ஒரு தழும்பு வரைந்தார்கள். கண்ணாடியில் காட்டினார்கள். பிறகு, காய்ந்து வெடிக்காமலிருக்க ஈரப்பசை தடவுகிறோம் என்று சொல்லி, அவர்கள் அறியாமலே தழும்பைத் துடைத்துவிட்டார்கள். வெறும் முகத்தோடு போய் இன்னொருவரிடம் பேசிவிட்டு வந்தவர்கள், தழும்பினால் அவர் தங்களிடம் இயல்பாகப் பழகவில்லை என்று சொன்னார்கள். எதிரே இருந்தவர் பார்த்தது தழும்பே இல்லாத முகம்.

இதை வைத்து உங்கள் வாயை அடைக்க முயல்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு என் பதில்: அங்கே துடைக்க முடிந்தது. நம் தோலை யாரும் துடைக்க முடியாது. இந்த ஊரில் வாடகை விளம்பரத்திலேயே இந்தியர் வேண்டாம் என்று எழுதியவர்கள் உண்டு. அதைப் பார்த்தவன் நெஞ்சில் தோன்றியது பிரமை இல்லை. எழுத்தில் இருந்தது. உள்ளூர்த் தமிழர் வீட்டு விருந்துகளில் "ஊர்லேர்ந்து வந்தவங்க" என்பதை ஒரு தினுசான குரலில் சொல்லக் கேட்டிருக்கிறேன். கேட்டுக்கொண்டு சும்மா இருந்ததும் உண்டு, அதற்காக வெட்கப்படுகிறேன். ஆகவே, உங்களை யாருமே தாழ்வாக நினைக்கவில்லை என்று நான் சொல்லப்போவதில்லை. யார், எப்போது என்பதை நீங்கள் பார்க்கும் விதம்தான் என் கவலை. 11-ல் ஒன்றிரண்டு உண்மையாக இருந்தால், மற்ற ஒன்பதின் கூட்டத்தில் அது காணாமல் போய்விடும்.

ஆங்கிலத்தில் பதில் சொல்லும் அந்தப் பெண்ணைப் பற்றி. இதில் எனக்கு உங்கள்மேல் கோபமே வந்தது. 2010-ல் இங்கே வசிப்போரில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசியவர்கள் 3.3 விழுக்காடு. 2020 கணக்கெடுப்பில் 2.5. எங்கள் பிள்ளைகள் தமிழைப் பள்ளியில் ஒரு பாடமாகப் படித்து, தேர்வு எழுதி, அதன்பின் பேச ஆளில்லாமல் நாவில் வைத்துக்கொண்டு திரிகிறார்கள். என் மகள் பதினாறு வயதில் ஒரு திருமணத்தில், ஊரிலிருந்து வந்த ஒரு பெண்மணியிடம் தமிழில் பேசினாள். அவர் என் பக்கம் திரும்பி, "பரவாயில்லையே சார், உங்க பொண்ணு தமிழெல்லாம் பேசுதே" என்றார். அவர் மனதில் அன்புதான் இருந்தது, எனக்குத் தெரியும். மகள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து ஊர்க்காரர்கள் முன்னால் அவள் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல் வரவில்லை. உங்கள் மதுரைத் தமிழின் முன்னால் அந்தப் பெண் தன் தமிழை எடுத்து வைக்கக் கூசுகிறாளா என்று ஒரு முறையாவது யோசித்தீர்களா? நீங்கள் அகங்காரம் என்று படித்த இடத்தில் எங்கள் வீடுகளில் நான் பார்ப்பது வெட்கம்.

மதியச் சாப்பாடு: நீங்கள் சைவம் என்று கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்கு உங்களை எங்கே கூட்டிப்போவது என்று தெரியாமல் இருக்கலாம். நாளைக்கு நீங்களே கூப்பிடுங்கள். இதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

நான் சொல்லவந்தது வேறு.

தோ பாயோவில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் அப்பா மாமாக் கடை வைத்திருந்தார். ரொட்டி, பால் டின், மைலோ, ஊதுவத்தி, தமிழ் முரசு, தலைவலி மாத்திரை. பாதி வியாபாரம் கடன். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு 555 நோட்டு. உங்கள் தலைமுறைக்குத் தெரியாது, உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன நோட்டு, அட்டையில் 555 என்று அச்சடித்திருக்கும். அதில் ஓட்டை போட்டு, நூல் கட்டி, ஆணியில் மாட்டியிருப்பார். சம்பளம் வந்ததும் வந்து கொடுப்பார்கள். அப்பா அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்து "பைசல்" என்று எழுதுவார்.

1985-ல் சுதந்திரச் சிங்கப்பூர் அதுவரை பார்த்திராத மந்தம் வந்தது. கப்பல் பட்டறைகளில் ஆட்குறைப்பு. மறு ஆண்டு, தொழிலாளர் சேமிப்பான மத்திய சேம நிதிக்கு முதலாளிகள் கட்டும் பங்கையே 25 விழுக்காட்டிலிருந்து 10 ஆகக் குறைத்தார்கள் என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளுங்கள். என் பள்ளி நண்பனின் அப்பா ஒரு கப்பல் பட்டறையில் பற்றவைப்பு வேலை பார்த்தவர். அவருக்கும் வேலை போனது. நான் அப்போது தொடக்கக் கல்லூரி மாணவன், பதினேழு வயது. மாலையில் அப்பா சரக்கு எடுக்கப் போனால் கடையில் நான் இருப்பேன்.

பிறகு என் நண்பனும் நானும் எப்படியோ பிரிந்துபோனோம். சண்டை ஏதுமில்லை. தேசிய சேவை, வேலை, கல்யாணம். வாழ்க்கை அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

2014-ல் எங்கள் தமிழாசிரியர் இறந்தார். மண்டாய் தகனச் சாலையில் அவனைப் பார்த்தேன். வெளியே மரத்தடியில் ஆளுக்கொரு பொட்டலச் சாறு வாங்கிக்கொண்டு நின்றோம். பழைய கதையெல்லாம் பேசினோம். ஆசிரியர் பிரம்பை ஒளித்துவைத்த கதையைச் சொல்லி அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் கேட்டான்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்டா. எங்கப்பாவுக்கு வேலை போனப்ப ஒருநாள் உங்க கடைக்கு வந்தேன். ரொட்டியும் பால் டின்னும் கேட்டேன். நாலு பேரு நிக்கிறாங்க. நீ என்னைப் பாத்துட்டு தலையக் குனிஞ்சுக்கிட்ட. 'அப்பா வந்ததும் வா'ன்ன. ஏன்டா அப்படிப் பண்ணுன?"

எனக்கு ஒன்றுமே நினைவில் இல்லை. ஒரு நூலிழைகூட இல்லை. அதையே வாயில் வந்தபடி சொன்னேன்: "அப்படி எதுவும் நடந்த மாதிரி ஞாபகம் இல்லையேடா."

29 ஆண்டு ஒன்றைச் சுமந்தவனிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது. அவன் சாறுப் பொட்டலத்தை மெதுவாக நசுக்கித் தொட்டியில் போட்டான். "சரி, வர்றேன்" என்று போனான்.

அன்றிரவு வீட்டில் அப்பாவின் பிஸ்கட் டின்னை இறக்கினேன். கடையை மூடியபோது அவர் நோட்டுகளை எறியவில்லை. அவர் போனபிறகு அம்மாவும் எறியவில்லை. 37 நோட்டு. நூலெல்லாம் மக்கிப் போயிருந்தது. நண்பன் வீட்டு நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் கோடு, பைசல். கடைசிக் கோடு மட்டும் மாத நடுவில். 19-10-85. தொகை 4 வெள்ளி 35 காசு. அதன்பின் எல்லாப் பக்கமும் வெள்ளை. பாதி நோட்டு மிச்சம் இருந்தது.

அவன் சொன்னது நடந்திருக்கிறது. அந்த வெள்ளைப் பக்கங்களை வைத்துக்கொண்டு வேறெப்படிச் சொல்வேன்? கையிலிருந்த கொஞ்சக் கடனையும் மாதம் முடியக் காத்திராமல் கொண்டுவந்து கட்டிவிட்டு, அந்தக் குடும்பம் எங்கள் கடைப் படியை மிதிக்கவே இல்லை.

அதன்பின் காரணம் தேட ஆரம்பித்தேன். தேர்வுக்குச் சில வாரம் இருந்த நேரம் அது. இயற்பியல் குறிப்புகளை மடியில் வைத்துக்கொண்டுதான் கடையில் உட்கார்ந்திருப்பேன். தலை அவன் வருவதற்கு முன்பே குனிந்திருக்கலாம். கடன் நோட்டில் அப்பாவைத் தவிர யாரும் பேனா வைக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதனால் "அப்பா வந்ததும் வா" என்று எல்லோரிடமும்தான் சொல்லியிருப்பேன். அவன் தலை குனிந்திருந்ததைக் "குனிஞ்சுக்கிட்ட" என்று படித்துவிட்டான். அந்தக் "கிட்ட" அவனுடையது, நடந்ததில் இல்லாதது.

எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள். பொருந்திய வேகமே எனக்குப் பயமாக இருந்தது.

ராய் பௌமைஸ்டர் என்ற உளவியலாளரும் இரண்டு சகாக்களும் 1990-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. ஒரே ஆளிடம் இரண்டு கதை எழுதச் சொன்னார்கள். ஒன்று, யாரோ உன்னைக் கோபப்படுத்தியது. மற்றது, நீ யாரையோ கோபப்படுத்தியது. அடிபட்டவராக எழுதும்போது, அடித்தவர் ஏன் அப்படிச் செய்தார் என்றே புரியவில்லை, அதன் பாதிப்பு இன்னும் முடியவில்லை. அடித்தவராக எழுதும்போது, தக்க காரணம் இருந்தது, விஷயம் அன்றோடு முடிந்தது. எழுதியவர் ஒரே ஆள்! மனிதர்களில் நல்லவர் கெட்டவர் என்று பிரிப்பதைவிட, இந்தக் கதையில் நான் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன் என்று கேட்பது மேல் என்று அதைப் படித்த நாளில் எழுதி வைத்தேன்.

என் நாற்காலியில் உட்கார்ந்து நானும் காரணம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவன் அப்பாவுக்கு வேலை போனது புளோக் முழுக்கத் தெரியும். எனக்கும் தெரியும். கடையில் நாலு பேர் நிற்கும்போது கடன் கேட்டு வந்த நண்பனைப் பார்த்து ஒரு பதினேழு வயதுப் பையன் என்ன செய்வான்? கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டிருப்பான். ஒருவேளை, சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, கடை முதலாளி மகன் என்ற எண்ணம் ஒரு கணம் தலைக்கேறியும் இருக்கலாம். வேண்டுமென்றே செய்யவில்லை என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. உங்கள் கடிதத்தில் 11 இடத்தில் நான் சிவப்புக் கோடு போட்ட அதே சொல்லை, அவன் பேச்சில் என்னால் அடிக்க முடியவில்லை. வைக்கவும் முடியவில்லை. அடிபட்டவனுக்கு என் மனம் தெரியாது என்றால், அடித்த எனக்கே என் மனம் தெரியவில்லை.

நோட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரு வார்த்தையும் எழுதவில்லை. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "அந்த 4.35 எங்கம்மா என் பஸ் காசுலேர்ந்து எடுத்தாங்க. அந்த வாரம் ஸ்கூலுக்கு நடந்துதான் போனேன்."

அந்தக் கணக்கு அப்பாவின் நோட்டில் இல்லை.

உடனே அழைத்தேன். "மன்னிச்சுடுடா" என்றேன். "வேணும்னுதான் பண்ணியா?" என்றான். "தெரியலடா. நெசமாவே தெரியல." ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு சனிக்கிழமை தேக்காவுக்கு வருவியா என்று கேட்டான். அன்றிலிருந்து மாதம் ஒருமுறையாவது சந்திக்கிறோம். இதையும் அவன் படிப்பான். படித்துவிட்டு அவன் இப்போதும் "குனிஞ்சுக்கிட்ட" என்றுதான் சொல்வான். அதை மாற்றச் சொல்ல நான் யார்?

29 ஆண்டில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவன் வந்து கேட்டிருந்தால் என்று நினைப்பேன். பதினேழு வயதில் கேட்டிருந்தால் எனக்கு நினைவிருந்திருக்கும். உண்மையோ பொய்யோ, ஒரு பதில் இருந்திருக்கும். நான் கேட்கும்படி இருந்தேனா என்பது வேறு. அதற்காகத்தான் உங்களை இப்போது திட்டுகிறேன் அம்மா. உங்கள் காயம் இன்னும் பச்சையாக இருக்கிறது. எதிர்வீட்டம்மா உயிரோடு, பத்தடித் தூரத்தில் இருக்கிறார். கேட்டால் அவருக்கு நினைவிருக்கும்.

டப்பாவுக்கு வருகிறேன். என் பாட்டி பாத்திரத்தை வெறுமையாகத் தரமாட்டார். அம்மாவும் தரமாட்டார். நான் தந்திருக்கிறேன். பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பம் நோன்புப் பெருநாளுக்குக் கொடுத்தனுப்பிய டப்பாவை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, புதுப் பையில் போட்டு அவர்கள் கேட்டில் மாட்டிவிட்டு வந்தேன். அழைப்பு மணி அடித்துத் தொந்தரவு செய்யக்கூடாது என்பது இங்கே பலருடைய மரியாதை. என் டப்பாவைப் பார்த்து அவர்கள் என்ன நினைத்தார்களோ. உங்கள் டப்பா எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்ததா, கழுவித் துடைத்திருந்ததா? நான்கு பக்கத்தில் அதை நீங்கள் எழுதவில்லை.

மேலாளர் விஷயத்தை நான் மற்றவற்றோடு சேர்க்கமாட்டேன். அங்கே உங்கள் உள்ளுணர்வைச் சும்மா ஒதுக்கிவிடாதீர்கள். தேதி, நீங்கள் கேட்ட சொற்கள், அவர் சொன்ன சொற்கள், பொறுப்பு யாருக்குப் போனது, எல்லாவற்றையும் வெறும் வினைச்சொல்லில் எழுதி வையுங்கள். கொள்ளும் வேண்டாம், விடுவும் வேண்டாம். பிறகு காரணத்தை மின்னஞ்சலில் மரியாதையாகக் கேளுங்கள். வேலையிட நியாயச் சட்டம் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. இனம், நாடு, மொழி எல்லாம் அதில் வருகின்றன. எந்த விசாரணையிலும் முதலில் கேட்பது என்ன நடந்தது என்பதைத்தான். உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்பது பின்னால்தான் வரும். நியாயம் உங்கள் பக்கம் இருந்தால் அந்த வெறும் வினைச்சொற்களே பேசும்.

இன்னொன்று. எதிர்வீட்டம்மா, எதிர்வீட்டம்மா என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். நாலு வருஷம் ஒரே தாழ்வாரம். உங்கள் கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை தேடினேன், அவர் பெயர் எங்குமில்லை. உங்களுக்குத் தெரியாதென்றே நினைக்கிறேன். அவருக்கும் உங்கள் பெயர் தெரிந்திருக்காது.

இந்த வாரம் போய்க் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.